விளங்காமல் போனது யாருக்கு? – 'கறுப்பு யாக்கோபின்கள்' மீள்வாசிப்பு

சி. எல். ஆர். ஜேம்ஸின் 'கறுப்பு யாக்கோபின்கள்' 1938இல் லண்டனில் வெளிவந்தது. ஹெயிட்டிப் புரட்சியையும் அதன் தலைவர் டூசான் லூவெர்த்தூரையும் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. இருந்தும் இதைச் சுற்றிக்கொண்டு போக எவராலும் முடியவில்லை. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இதை முதலில் படித்தேன். இப்போது, இரவு வேலை முடிந்து வந்து, மறுபடி படித்தேன். அன்று தலையாட்டிக்கொண்டு கடந்துபோன ஓர் இடத்தில் இம்முறை நின்றுவிட்டேன்.

முதலில் நூலின் பலம். 1791 ஓகஸ்டில் சென் டொமிங்கின் வட சமவெளியில் கிளர்ந்தெழுந்தவர்களை ஜேம்ஸ் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டவில்லை. பெரும் சீனித் தோட்டங்களில் நூற்றுக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக உழைத்தவர்கள். ஆகவே அன்றிருந்த வேறெந்தத் தொழிலாளரையும்விட நவீன பாட்டாளி வர்க்கத்துக்கு அண்மையில் நின்றவர்கள் என்கிறார். வெட்டிய கரும்பைத் தாமதியாமல் பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். எனவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். எழுந்தவர்கள் அந்த ஆலைகளையும் நொறுக்கிக் கொளுத்தினார்கள். (யந்திரத்தின் முன்னால் எட்டு மணித்தியாலம் நிற்பவனுக்கு இதற்கு அடிக்குறிப்புத் தேவையில்லை.)

இனி, நான் நின்ற இடம். 1800 ஒக்ரோபரில், சென் டொமிங்கின் அதிபதியாகிவிட்ட டூசான் ஒரு கட்டளை பிறப்பிக்கிறார். அதன்படி, விடுதலையடைந்த உழைப்பாளிகள் தோட்டங்களை விட்டு வெளியேறக்கூடாது. இராணுவ ஒழுங்கின்கீழ் வேலை செய்யவேண்டும். விளைச்சலில் ஒரு பங்கு கூலியாகக் கிடைக்கும். அடுத்த ஆண்டு, சிறு துண்டுகளாகக் காணி விற்பதும் தடைசெய்யப்படுகிறது. அவ்வாண்டு ஒக்ரோபரில் வடக்கு மீண்டும் கிளர்கிறது, இம்முறை டூசானுக்கு எதிராக. தோட்டங்களில் அக்கட்டளையைக் கடுமையாக நடைமுறைப்படுத்த மறுத்து வந்த மோயிஸ், அவர் மகன்போல நடத்திய மருமகன், நவம்பரில் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

டூசானின் தர்க்கம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. சீனி ஏற்றுமதி இல்லையேல் ஆயுதம் இல்லை, ஆயுதம் இல்லையேல் அடிமைமுறை திரும்பிவரும். 1802இல் நெப்போலியனின் படை வந்திறங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டூசான் பிரான்ஸின் ஜூரா மலைக் கோட்டையொன்றில் கைதியாகச் செத்தார்.

ஜேம்ஸ் எதையும் மூடிமறைக்கவில்லை. மோயிஸின் கொலையைக் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் காரணம் சொல்லும்போது, டூசான் தன் மக்களுக்கு விளக்கவில்லை, அவர்கள் குழம்பிப்போனார்கள் என்கிறார்.

அவர்களுக்கு என்ன விளங்கவில்லை? அதே நிலம், அதே கரும்பு, விட்டுப்போக முடியாத அதே தோட்டம். அவர்கள் கேட்டது சொந்தமாக ஒரு துண்டுக் காணி. அவர் கேட்டது சீனி. இது விளக்கக் குறைவல்ல, நலன்களின் மோதல். எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் நல்ல மனிதர். பெல்ற்றின் வேகத்தை ஏன் கூட்டவேண்டுமென்று பலகையில் படம் கீறி விளக்குவார். எங்களுக்கு நன்றாகவே விளங்குகிறது. விளங்குவதால்தான் முறைக்கிறோம்.

ஜேம்ஸ் டிரினிடாட்டில் ஆசிரியராக இருந்தவர். வகுப்பு முகம் திருப்பினால் பாடம் விளங்கவில்லை என்று நினைப்பது எங்கள் தொழில் வியாதி. அவர்கள் உடன்படவில்லை என்று மட்டும் தோன்றாது. 'மக்களுக்குச் சரியாக விளக்கத் தவறினோம்' என்று எழுதிய சுயவிமர்சனங்களில் என் கையெழுத்தும் உண்டு. அன்று அதைப் பணிவென்று நினைத்தேன்.

1776 அளவிலேயே டூசான் விடுதலை பெற்றிருந்தார், அடிமைகளோடு ஒரு கோப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்ற ஆவணச் சான்று 1977இல்தான் வெளியானது. இது 1938இல் ஜேம்ஸுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் 1971இல் அற்லாண்டாவில் ஆற்றிய உரையில், மறுபடி எழுதினால் அடிமைகளையே இன்னும் முன்னுக்குக் கொண்டுவருவேன் என்ற கருத்தை அவரே சொன்னார். அந்த வேலையைச் செய்தது கரொலின் ஃபிக்கின் 1990ஆம் ஆண்டு நூல். ஜேம்ஸை வைத்திருப்பவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

1804க்குப் பிந்திய ஆட்சியாளர்களும் தோட்டங்களை ஓட்டிப் பார்த்தார்கள். மக்கள் மலைகளுக்கு ஏறி, சிறு காணிகளில் கிழங்கும் கோப்பியும் நட்டார்கள். சீனி ஏற்றுமதி விழுந்தது. 1825இல் ஹெயிட்டியை அங்கீகரிப்பதற்கு பிரான்ஸ் 150 மில்லியன் பிராங்க் நட்டஈடு கேட்டது. பிறகு அது 90 மில்லியனாகக் குறைந்தது. அதைக் கட்டுவதற்கு அரசு வரி போட்டது அந்தக் கோப்பிமீதுதான்.