கைதட்டலும் மதிப்பும்

1998 டிசம்பரில் மும்பையில் தீபா மேத்தாவின் 'ஃபயர்' ஓடிய கொட்டகைக்குள் ஒரு கும்பல் புகுந்து, கண்ணாடிகளை நொறுக்கிக் காட்சியை நிறுத்திற்று. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிக்கும் கதை அது.

அதே ஊரில் 2010-இல் ஸ்ரீதர் ரங்காயன் முதலியோர், தன்பால் விழைவோர், திருநங்கையர் வாழ்வைக் காட்டும் படங்களுக்கென்றே 'கஷிஷ்' விழாவைத் தொடங்கினார்கள். மறைவிடத்தில் அல்ல, ஊரார் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் தியேட்டரில். தன்பால் உறவு குற்றமல்ல என்று முந்திய ஆண்டில் டில்லி ஹைகோர்ட் தந்த தீர்ப்பை 2013-இல் சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்தது. குற்றமல்ல என்று அதுவே ஒப்பியது 2018-இல்தான். நடுவிலிருந்த ஆண்டுகளிலும் விழா நிற்கவில்லை. 1949-இல் திறந்த பிரம்மாண்டமான லிபர்ட்டி கொட்டகைவரை வளர்ந்தது.

இதற்காக அவர்களை வணங்குகிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். படம் எடுத்ததே துணிச்சல் என்று கைதட்டிய காலம் வேறு. பரிதாபத்துக்காக ஒரு படத்தைப் பாராட்டினால், எடுத்தவரைக் கலைஞராக நாம் மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். நல்லதை நல்லதென்றும் மட்டத்தை மட்டமென்றும் சொல்வதே சமமரியாதை. அன்று கும்பல் படத்தைப் பார்க்க விடவில்லை. இன்று நம் இரக்கமும் அதே காரியத்தைச் செய்துவிடக் கூடாது.