ஆய்விதழ்ப் பதிப்பில் சமவாய்ப்பு: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆய்விதழ்ப் பதிப்பில் சமவாய்ப்பு என்பது பெரும்பாலும் கட்டணச் சலுகையாகவே பேசப்படுகிறது. எம்மொழியில், எவ்வெழுத்தில் அமைந்த ஆய்வு மேற்கோளாகும் தகுதி பெறுகிறது என்பது அதனினும் அடிப்படையான வினா. புதுச்சேரி நாட்குறிப்பு ஒன்றன் பதிப்பு வரலாற்றின்வழி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆய்விதழ், சமவாய்ப்பு, ஆனந்தரங்கப் பிள்ளை, தரப்பட்டியல், ஒலிபெயர்ப்பு.

முன்னுரை

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாகும். அது தமிழில் எழுதப்பட்டது. ஆனால் ஆய்வுலகில் அது தமிழ் நூலாக அறிமுகமாகவில்லை.

மூலமும் மொழிபெயர்ப்பும்

சென்னை அரசின் ஆதரவில் நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். இவ்விடைவெளியில் ஆங்கிலத் தொகுதியின் பக்க எண்ணே மேற்கோளின் முகவரியாக நிலைபெற்றது. பேச்சுத்தமிழும் பாரசீக, போர்த்துகீசிய, பிரெஞ்சுச் சொற்களும் கலந்த பிள்ளையின் நடை மொழியாய்வுக்கு அரிய சான்று. மொழிபெயர்ப்பில் அது மறைந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பு குறையன்று, அதனாலேயே தமிழறியாதோரும் பிள்ளையை அறிந்தனர். மூலம் பின்தள்ளப்பட்ட வரிசைமுறையே குறை. அவ்வரிசைமுறை இன்றைய ஆய்விதழ் மதிப்பீட்டிலும் தொடர்கிறது.

தரப்பட்டியல்களின் மொழி

போலி இதழ்களைத் தடுக்கும் நோக்கில் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘கேர்’ பட்டியலை நடைமுறைப்படுத்தியது. அதன் இரண்டாம் பிரிவு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களைச் சார்ந்திருந்தது. ஸ்கோபஸில் இடம்பெற விழையும் இதழ் தலைப்பையும் சுருக்கத்தையும் ஆங்கிலத்திலும், துணைநூற்பட்டியலை உரோமன் எழுத்திலும் தருதல் வேண்டும்.

இந்நிபந்தனை எளியதாகத் தோன்றினும் அதன் விளைவு எளியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறை ஒருவிதம். வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுவிதம். குடும்பப்பெயர் இல்லாத தமிழரின் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் வேறிடத்தில் பின்னும் நிற்கிறது. இவ்வாறு ஒரே ஆசிரியர் பல ஆசிரியராகப் பிரிய, மேற்கோள்களும் சிதறுகின்றன. பின்னர் அக்குறைந்த எண்ணிக்கையே தமிழாய்வின் தாழ்வுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிப் பன்னாட்டு இதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. வாசிப்பைப் பரவலாக்கும் வகையில் இது வரவேற்கத்தக்கது. எனினும் இந்திய மொழி இதழ்களின் மதிப்பீட்டையும் பதிப்பையும் வலுப்படுத்தும் ஏற்பாடு வேறாகத் தேவைப்படுகிறது.

தமிழ் இதழ்களின் பொறுப்பு

புறத்தடைகளை மட்டும் சுட்டுதல் அரை உண்மையாகும். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியல் கைவிடப்பட்டபின், இதழ்களின் தரத்தை நிறுவனங்களே முடிவுசெய்யும் நிலை தோன்றியுள்ளது. கட்டணம் பெற்று, மதிப்பீடின்றிச் சில நாள்களில் கட்டுரை வெளியிடும் இதழ் வாய்ப்பளிப்பதுபோல் தோன்றும். உண்மையில் வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை ஆய்வாளரின் பொருளையும் நற்பெயரையும் அது பறிக்கிறது. திருத்தம் சொல்லும் மதிப்பீட்டாளரின் கருத்துரையே அவ்வாய்வாளருக்குக் கிடைக்க வேண்டிய உண்மையான உதவி. தரத்தைத் தளர்த்துவது சமவாய்ப்பாகாது.

முடிவுரை

ஆய்வுத் தொடர்பாடலில் பன்மொழியை வலியுறுத்தும் ஹெல்சிங்கி முன்முயற்சி 2019இல் வெளியானது. அதனைத் தமிழ்ச் சூழலில் செயற்படுத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. துணைநூற்பட்டியலைத் தமிழ் எழுத்திலும் ஒரே சீரான ஒலிபெயர்ப்பிலும் இணையாகத் தருதல், ஆசிரியர் பெயரை ஒரே வடிவில் நிலைப்படுத்தல், மதிப்பீட்டு நெறிகளையும் கட்டணத்தையும் முன்கூட்டியே அறிவித்தல் ஆகியன உடனடியாக இயலக்கூடியவை. நாட்குறிப்பை ஆராய்வோர் ஆங்கிலப் பக்க எண்ணுடன் தமிழ் மூலத்தின் பக்க எண்ணையும் தருவது இதற்குப் பொருத்தமான தொடக்கமாக அமையும்.