துவர்ப்புக்கு எத்தனை மதிப்பெண்?

ராபர்ட் பார்க்கர் வைனுக்குப் போட்ட மதிப்பெண் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 50இல் தொடங்குகிறது. பாட்டிலுக்குள் ஏதோ ஒன்று இருந்தாலே பாதி மார்க் உறுதி. நம்ம கல்லூரி இன்டர்னல் மாதிரி. அமெரிக்க வழக்கறிஞரான அவர் 1978இல் ‘தி வைன் அட்வகேட்’ என்ற இதழைத் தொடங்கி, இந்த 100 புள்ளி முறையை உலகம் முழுக்கப் பரப்பினார். விளம்பரம் வாங்காத இதழ். அந்த நேர்மை மேல் எனக்கு மரியாதை உண்டு. சண்டை அந்த எண்ணோடுதான்.

ரெட் வைனில் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, ஆல்கஹாலின் சூடு, வாயில் உணரும் கனம் என்று ஒன்றோடொன்று கூட்ட முடியாத பல அளவுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டுமென்றால், எதற்கு எவ்வளவு எடை என்பதை யாரோ ஒருத்தர் முடிவு செய்தாக வேண்டும். கோடு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது தினசரி சங்கதி. 94 என்ற எண்ணில் வைனைவிடப் பார்க்கருடைய நாக்குதான் அதிகம் தெரிகிறது. நன்றாகப் பழுத்த, கனத்த, ஓக் வாசம் ஏறிய வைன்கள் அவருக்குப் பிடித்தன. எண்ணுக்குப் பின்னால் விலை போனது, விலைக்குப் பின்னால் தயாரிப்பாளர்கள் பலர் போனார்கள். ‘மோண்டோவினோ’ (2004) ஆவணப்படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. கொஞ்சம் ஒருதலைப்பட்சமான படம், ஆனாலும் பார்க்கலாம். நாவல்களுக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போடுகிற நமக்கு இந்த வியாதி புதுசு இல்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் வரும் வர்ணனை இன்னொரு இம்சை. பிளாக்கரன்ட், சீடர் மரம், பென்சில் சீவல். பிளாக்கரன்ட்டை நம்மில் எத்தனை பேர் தின்றிருக்கிறோம்? இந்தச் சொற்கள் பிடிபடாதபோது, கடையில் கூச்சத்தோடு நின்று விலையைப் பார்த்து எடுப்பதுதான் மிச்சம். 2001இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, அதன் மணத்தை விவரிக்கும்படி 54 மாணவர்களைக் கேட்டார்கள். பெரும்பாலும் ரெட் வைனுக்கான சொற்களே வந்தன. இதை வைத்து ‘வைன் ரசனையே ஃப்ராடு’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆய்வு சொல்வது அதைவிடச் சின்ன விஷயம்: மணத்துக்கான சொற்களை நாம் கண்ணிலிருந்தும் எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் மூக்கை விட்டுவிட்டு நாக்கில் தொடங்கலாம். அங்கே தமிழ் நமக்கு ஒரு சௌகரியம் செய்து வைத்திருக்கிறது. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வைனுக்குள் இறங்கும் டானின்தான் அதன் துவர்ப்பு. பீப்பாய் மரமும் கொஞ்சம் சேர்க்கும். மேற்கத்தியப் பாடப் புத்தகத்தில் அது அடிப்படைச் சுவையே அல்ல, வாயை உலர்த்தும் ஒரு தொடு உணர்வு. நமக்கோ அறுசுவையில் ஒன்று. கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, நாவல்பழம், ரொம்ப நேரம் கொதித்த கட்டன் சாயா: இதெல்லாம் பிடிக்குமென்றால் கபர்நே சாவினியோன் எடுங்கள். நெபியோலோ கிடைத்தால் விடாதீர்கள். பார்க்க வெளிறிய சிவப்பு, குடித்தால் வாயைக் கட்டும். துவர்ப்பு ஆகாது, ரசம் மாதிரி புளிப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்றால் இத்தாலியின் பார்பெரா. இலேசாக, பழச்சுவையோடு போதுமென்றால் காமே. கனமும் பழுத்த பழத்தின் வாசமும் வேண்டுமா? ஆஸ்திரேலிய ஷிராஸ். பார்க்கர் உங்களுக்குச் சொந்தக்காரர், அவர் மார்க்கை நம்பலாம்.

பக்கத்தில் என்ன தட்டு இருக்கிறது என்பதையும் எந்த எண்ணும் கேட்பதில்லை. உப்பும் கொழுப்புமான ஆட்டுக்கறி துவர்ப்பை மழுக்கும். மிளகாய்க் காரமோ துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் கூட்டிவிடும். காரசாரமான சுக்கா வறுவலோடு 95 வாங்கிய கபர்நே அவஸ்தை. குளிர்ந்த காமே பரம சுகம். ஆமாம், ரெட் வைனையும் குளிர வைக்கலாம். ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்ற அறிவுரை பழைய ஐரோப்பிய அறைகளுக்கானது. கணக்கு சுமார் 16 முதல் 18 டிகிரி. சென்னையில் மே மாதம் என்றால், பாட்டிலை முதலில் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.