அணியும் படைக்கலமும்: ‘பொன்னியின் செல்வன்’ திரைவடிவும் காண்போர் மறுப்பும்

நூலிற் படித்துப் பழகிய ஒருவனைத் திரையிற் காணுங்கால் காண்போர் கண் முதற்கண் சென்று பற்றுவது அவன் கோலத்தையே. சொல்லும் செயலும் கதை வளர வளரப் புலனாவன. உடையும் அணியும் கையிலேந்திய படைக்கலமும் கண்ட அளவிலேயே புலனாவன. ஆதலின் பலரறிந்த கதையொன்று படமாகும்பொழுது எழும் முதல் மறுப்பு பெரும்பாலும் கோலம்பற்றியதாகவே அமைகின்றது. மணிரத்தினம் இயக்கி, 2022 செப்டம்பர் 30ஆம் நாளிலும் 2023 ஏப்பிரல் 28ஆம் நாளிலும் இரு பகுதிகளாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இதற்குத் தக்க சான்றாகும். படம் அரங்கிற்கு வருமுன்னரே, 2022 சூலைத் திங்களில் வெளியான சுவரொட்டிகளையும் முன்னோட்டத்தையும் கண்ட வாசகர் பலர் மறுப்புரைத்தனர். இத்தகைய மறுப்புகளைச் சுவைஞர் ஆரவாரம் என்று புறந்தள்ளும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. அவ்வாறு தள்ளுதல் தகாது. மறுத்தோர் செய்தது திறனாய்வே. ஆயின் அவர்கள் காட்டிய காரணமும் அவர்களை மறுக்கத் தூண்டிய மெய்க்காரணமும் வேறு வேறு. அவ்வேற்றுமையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மறுப்புரைகள் பலதிறத்தன. கருநிறத் தோலாற் செய்ததுபோன்ற கவசம் சோணாட்டு வெயிலுக்கு ஒவ்வாது என்றனர். வாள்கள் மேலைநாட்டுப் படங்களின் வாள்களை ஒத்துள்ளன என்றனர். ஆடையின் நிறங்கள் மங்கியுள்ளன என்றனர். ‘பாகுபலி’ப் படங்களின் (2015, 2017) பொலிவு இதன்கண் இல்லை என்பாரும், அவற்றின் சாயலே இதன்கண் மிக்குள்ளது என்பாரும் ஒரே காலத்திற் பேசினர். இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது என்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை. ஆதித்த கரிகாலனின் நெற்றிக்குறி ஓரிடத்துக் காணப்படுதலும் பிறிதோரிடத்துக் காணப்படாமையும் வழக்கறிஞர் ஒருவரின் அறிவிப்புவரை சென்றன. இத்தனை மறுப்புகளும் வந்து முடிந்த இடம் ஒன்றே: ‘வரலாறு இவ்வாறன்று’ என்பது அது.

வரலாறு யாது கூறுகின்றது எனச் சிறிது நோக்குவாம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றுப் பாதையில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எசு. கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அவ்வோவியங்களில் ஆடவர் பலர் மேலாடையின்றி, அணிகளே மார்பிற் பொலிய, கூந்தலைக் கொண்டையாக முடித்து நிற்கின்றனர். செங்கம் வட்டாரத்து நடுகற்களில் உள்ள வீரர் குறுவாளும் வில்லும் ஏந்தி இடைக்கச்சை மட்டும் உடுத்துள்ளனர். கவசம் தமிழர் அறியாதது என்று கூறுவதும் பிழை. பதிற்றுப்பத்தில் வரும் ‘மெய்ம்மறை’ என்னும் சொல்லே அதனை மறுக்கும். எனினும் ஓவியமும் கல்லும் காட்டும் வழியே சென்றால் திரையில் வரும் வேந்தரும் வீரரும் பெரும்பாலும் வெற்று மார்பினராகவே தோன்றல் வேண்டும். வரலாறு வேண்டும் என்றோருள் அதனைக் கேட்டவர் மிக அரியர். கேட்டிருப்பின், அக்கோலத்தைத் திரையிற் கண்டு முதலில் முகஞ்சுளித்திருப்பவரும் அவரே ஆவர்.

அங்ஙனமாயின் அவர்கள் நெஞ்சிலிருந்த சோழன் யாண்டிருந்து வந்தான்? இரண்டு ஊற்றுகளை நாம் காட்டலாம். ஒன்று மேடை. மதுரையில் 1918-இல் சங்கரதாச சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், அதிற் பயின்று பின் தனிக்குழு நடத்திய டி. கே. எஸ். சகோதரரும் அரசர்க்கெனப் பட்டும் சரிகையும் மின்னும் ஒரு கோலத்தை நிலைநிறுத்தினர். அரு. இராமநாதனின் ‘இராசராச சோழன்’ நாடகம் அம்மேடையிலிருந்து 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தபொழுது அக்கோலமும் உடன்வந்தது. அகிலனின் ‘கயல்விழி’யைத் தழுவி எம். ஜி. இராமச்சந்திரன் இயக்கிய ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ (1978) படத்திலும் அம்மரபே தொடர்ந்தது.

மற்றோர் ஊற்று இதனினும் வலிது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தபொழுது மணியம் வரைந்த ஓவியங்களோடு வந்தது. வாசகர் அக்கதையைப் படித்ததும் பார்த்ததும் ஒரே தாளில். பிற்காலத்தே மணியம் செல்வனும் பத்மவாசனும் வரைந்த உருவங்களும் அவ்வழிப்பட்டனவே. ஆகவே இந்நாவலுக்கு இரண்டு பாடங்கள் உள: ஒன்று சொற்பாடம், மற்றொன்று ஓவியப்பாடம். திரைக் கோலத்தை மறுத்தோருட் பலர் ஓவியப்பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றின் பெயரால் வழக்காடினர் என்பதே நம் துணிபு. தம் நினைவிலுள்ள உருவம் சிதைந்தது என்று நேரே கூறியிருப்பின் அது மறுக்கவொண்ணாத வழக்காக இருந்திருக்கும். வரலாற்றின்மேல் ஏற்றிக் கூறியதனால் வலுவிழந்தது.

கல்கியே கோலத்தைப் பொருளோடு எழுதியவர் என்பதற்கு நந்தினியும் குந்தவையும் சந்திக்கும் இடம் சான்று. நந்தினியின் கூந்தல் ஆண்டாள் கொண்டைபோலவும், குந்தவையின் கூந்தல் உச்சியில் மணிமுடிபோலவும் புனையப்பட்டிருந்தன என்று வேறுபடுத்திக் காட்டுகின்றார். திருமாலடியார் குடும்பத்தில் வளர்ந்தவள் ஒருத்தி. முடிபுனையாமலே ஆள்பவள் ஒருத்தி. கொண்டை ஈண்டுக் குணத்தையும் பிறப்பையும் ஒருங்கே சொல்லிவிடுகின்றது. படத்தில் ஏகா லக்கானியின் உடையமைப்பில் இவ்விருவரும் எதிரெதிர் நின்ற காட்சியை வாசகர் மகிழ்ந்தே ஏற்றனர். இருவர் கோலத்துக்கும் இடையே அமைந்த வேற்றுமை அங்குப் பேணப்பட்டமையே அதற்குக் காரணம் எனலாம். செயராம் ஏற்ற ஆழ்வார்க்கடியானும் இவ்வாறே மறுப்பின்றி ஏற்கப்பட்டான். நாமமும் குடுமியும் கைத்தடியும் கண்டவுடன் ‘இவன் அவனே’ என்று அரங்கம் அறிந்துகொண்டது.

‘அன்று இவ்வாறு இருந்ததா’ என வாய் வினவ, ‘இவன் அவன்தானா’ எனக் கண் வினவுகின்றது. இக் கண்வினாவைத் தமிழர் திரையரங்கிற் கற்றாரல்லர். சிலப்பதிகாரத்து மாதவி பதினோராடலையும் அவ்வவற்றிற்குரிய ஒப்பனையோடே ஆடினாள் என இளங்கோவடிகள் கூறுதலை நாம் அறிவோம். இன்றும் ஆண்டுதோறும் நம் கண்முன் நிகழும் சான்றொன்று உண்டு. மதுரைக்குக் கிழக்கே வைகைக் கரையிலுள்ள வண்டியூருக்குச் சித்திரைத் திருவிழாவில் எழுந்தருளும் அழகரின் கோலம் அது.

அழகர் மலையினின்று புறப்படும்பொழுது கள்ளர் திருக்கோலம் பூணுகின்றார். கறுப்புக் காங்கு உடுத்து, தலையிற் கொண்டையும் உருமாலும், காதில் வண்டிக் கடுக்கனும், கையில் வளைத்தடியும் கொண்டு வருகின்றார். தல்லாகுளத்தில் அக்கோலம் களைந்து, திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை அணிந்து, தங்கக் குதிரைமேல் ஆற்றில் இறங்குகின்றார். அன்றிரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்கி, மறுநாள் சேடவாகனத்திற் சென்று, தேனூர் மண்டபத்தில் கருடவாகனராய் மண்டூக முனிவர்க்கு வீடருளுகின்றார். பின்னர் இராமராயர் மண்டபத்தில் ஓரிரவிலேயே பத்து அவதாரக் கோலங்கள். மலைக்கு மீளுங்கால் மீண்டும் கள்ளர் வேடம்.

புராணத்துத் திருமாலுக்கு உரிய படைக்கலங்கள் ஐந்து: சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில். வளைத்தடி அவற்றுள் ஒன்றன்று. ஆயினும் வைகைக் கரையில் நிற்கும் பல நூறாயிரவருள் ஒருவரேனும் ‘திருமால் வளைத்தடி ஏந்தியதுண்டோ’ என வினவியதை நாம் கேட்டதில்லை. அத்தடி, கடவுளுக்கும் அவ்வட்டாரத்து மக்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் அடையாளம் என அவர்கள் அறிவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்ட ‘அழகர் கோயில்’ என்னும் ஆய்வு நூலில் தொ. பரமசிவன் இவ்வுறவை விரிவாக ஆராய்ந்துள்ளார். வளைத்தடி வெறும் புனைவுமன்று. வளரி எனப்படும் அவ்வெறிகருவியை எறியும் முறையை மருது தமக்குக் கற்பித்ததை ஆங்கிலப் படைத்தலைவர் வெல்சு 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலிற் குறித்துள்ளார். வட்டாரத்தில் கைபழகிய கருவியே கடவுளின் கையேறிற்று.

உடையின் நிறமும் அவ்வாறே படிக்கப்படுகின்றது. ஆற்றில் இறங்கும் அழகர் உடுத்துள்ள பட்டு யாது என்பதே விடியற்காலையில் கூட்டமெங்கும் எழும் கேள்வி. பச்சையாயின் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை; சிவப்பாயின் அச்சம் கொள்வர். நம்பிக்கையின் உண்மை இன்மை ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. உடையை ஒரு வாக்கியம்போற் படிக்கும் பயிற்சி பெற்ற மக்கள் இவர்கள் என்பதே நாம் கொள்ளற்பாலது. அத்தகையோர் திரைக்கு முன் அமர்ந்து நிறம் மங்கியது என்று குறைப்படின், நிறத்தின் பொருள் தமக்கு எட்டவில்லை என்பதே அக்குறையின் பொருள்.

படைக்கலத்தை அளப்பதற்கும் ஓர் அளவுகோல் நம் இலக்கியத்தில் உண்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறப்பாட்டை மாணவர் அறிவர். தொண்டைமானின் படைகள் பீலி சூட்டி, மாலையணிந்து, நெய்பூசிக் காவலில் உள்ளன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனிமுரிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்த அப்பாட்டு, பயின்ற கருவியே கருவி என்கின்றது. இவ்வளவையால் நோக்கின், படத்தின் வாள்கள் மேலைநாட்டனவா கீழைநாட்டனவா என்ற வினா பின்னுக்குச் சென்று, அவை எவன் கையில் எத்துணைக் காலம் இருந்தன என்பது திரையில் தெரிகின்றதா என்ற வினா முன்னிற்கும். இவ்வினாவிற்குப் படம் தரும் விடை நிறைவுடையதன்று. வாள்கள் பல, ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிதல் எளிதன்று.

இக்குறை பெரிதாகும் இடமும் உண்டு. கல்கி தம் நாவலின் ஐந்து பாகங்களுள் ஒன்றற்கு ஒரு படைக்கலத்தின் பெயரையும், ஒன்றற்கு ஓர் அணியின் பெயரையும் இட்டார்: ‘கொலை வாள்’, ‘மணிமகுடம்’. அக்கொலைவாள் மீன் பொறித்த பாண்டியன் வாள். ஆதித்த கரிகாலனைக் கல்வெட்டுகள் வீரபாண்டியன் தலைகொண்டவன் எனக் குறிக்கின்றன. அப்பாண்டியனின் வாளை நந்தினி போற்றிப் பாதுகாக்கின்றாள். குதிரைக்கு லாடம் அடிக்கக் கொல்லன் பட்டறைக்குச் சென்ற வந்தியத்தேவன் அவ்வாளை அங்குக் காண்கின்றான். ஔவையாரின் கொல்லன் பட்டறையை நினைந்துதான் கல்கி அவ்விடத்தை அமைத்தார் என்று நாம் வற்புறுத்தவில்லை. படிப்போர் நினைவில் இரண்டும் அடுத்தடுத்து நிற்றலைத் தடுத்தலும் இயலாது. நாவலைப் படியாத ஒருவர், படம் முடிந்து வெளிவரும்பொழுது அந்த ஒரு வாளை ஏனைய வாள்களினின்று வேறாக நினைவிற்கொண்டு வந்திருப்பார் என்று கூறல் அரிது. கவசத்தின் கருமைக்கும் நெற்றியின் குறிக்கும் எழுந்த மறுப்பில் ஒரு சிறு பங்கேனும் இம்மீன்வாளுக்கு எழுந்திருத்தல் வேண்டும். மதுரை வாசகராவது அதனை எழுப்பியிருக்கலாம்.

இனி, இத்துறையிற் புகும் முதுகலை மாணவர்க்குச் செய்யத்தக்க பணியொன்று உண்டு. கல்கியின் நூல்கள் அரசுடைமையானபின் பல பதிப்பகங்கள் ‘பொன்னியின் செல்வ’னை வெளியிட்டுள்ளன, அவற்றுட் பலவற்றில் மணியத்தின் ஓவியங்கள் இல்லை. சொற்பாடம் மட்டும் படித்து வளரும் தலைமுறையின் நெஞ்சில் இராசராசன் இனித் திரைக் கோலத்திலேயே நிற்பான். 1950 முதல் 1954 வரையுள்ள கல்கி இதழ்களைத் திரட்டி, எந்த அத்தியாயத்திற்கு எந்த ஓவியம் வந்தது, அதில் உடையும் அணியும் படைக்கலமும் எவ்வாறு வரையப்பட்டுள, சொற்பாடத்தினின்று அவை வேறுபடும் இடங்கள் யாவை என்று அட்டவணைப்படுத்தல் வேண்டும். அவ்வட்டவணை கைவந்த பின்னரே, 2022-இல் மறுப்புரைத்தோர் எதனை இழந்ததாகக் கருதினர் என்பதை அத்தியாயந்தோறும் எடுத்துக்காட்டி நிறுவ இயலும்.