அந்த நிமிர்தல் இருக்கே!

2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6 மணி. இடையஞ்சாவடி டீக்கடையில் ஒரே ஒரு செல்போன், அதைச் சுற்றி நாங்கள் பத்துப் பேர், டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது, தொட ஆளில்லை. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர் ஆச்சே! நிலவுக்கு மேலே 30 கி.மீ. உயரத்திலிருந்து படுத்தவாக்கில் பாய்ந்து வந்த விக்ரம் தரையிறங்கு கலம், திரையில் ஓடிய படத்தில் மெல்ல மெல்ல நிமிர்ந்தது பாருங்கள்... 6:04-க்குத் தரை தொட்டது. எல்லாரும் கத்தினார்கள், நானும்தான். ஆனால் கண்ணை விட்டுப் போகாதது அந்த நிமிர்தல்.

அதை நானே செய்து பார்க்காமல் தூக்கம் வருமா? ராத்திரியே லேப்டாப்பில் ஒரு பெட்டிக்கு நாலு கால் ஒட்டினேன். அது எப்படித் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் மூன்று கோணங்களைத் தனித்தனியாக மாற்றினால் கோணிக்கொண்டு நொண்டுகிறது. நடுக்கோணம் 90-ஐத் தொட்டதும் மற்ற இரண்டும் ஒன்றாகிப்போய், வெடுக்கென்று துள்ளுகிறது!

அப்புறம்தான் குவாட்டர்னியன்! 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் கால்வாய்க்கரையில் நடந்துபோன கணிதவியலாளர் ஹாமில்டனுக்குப் பளிச்சென்று தோன்றி, அங்கேயே பாலத்துக் கல்லில் கத்தியால் கீறிவைத்த நாலு எண் கணக்கு. விண்கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்வதற்கும் இதைத்தான் வழக்கமாக எடுக்கிறார்கள். பொருள் எப்படித் திரும்பி நின்றாலும் அது நாற்பரிமாணக் கோளத்தின் மேல் ஒரு புள்ளி, இங்கிருந்து அங்கே போக அந்தக் கோளத்தின் மேலேயே குறுக்குவழி, முழுக்க ஒரே வேகம், இதை 1985-இல் அனிமேஷனுக்குக் கொண்டுவந்தவர் கென் ஷூமேக், நாலே வரிதான், அடித்து ஓடவிட்டேன், ஐயோ, என் பெட்டி எண்ணெயில் வழுக்கின மாதிரி எழுந்து நிற்கிறது, விடிய விடிய நாற்பது தடவை ஓட்டினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது!

பல நிலைகளைக் கோத்தால் மூட்டில் லேசாக வெட்டும், வாஸ்தவம்தான். அதற்கும் அந்தக் கோளத்தின் மேலேயே வளைகோடு போட ஷூமேக் வழி சொல்லியாச்சு, விடுங்கள்!

குவாட்டர்னியனில் இன்னொரு வேடிக்கை, அதைப் பார்க்க இப்பவே ஒரு டம்ளரை எடுங்கள். உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் கக்கத்துக்கு அடியில் ஒரு முழுச் சுற்று. கை முறுக்கிக்கொண்டதா? நிறுத்தாதீர்கள், அதே திசையில் தலைக்கு மேலாக இன்னொரு சுற்று. முறுக்கு அவிழ்ந்து கை பழையபடி! குவாட்டர்னியனும் அச்சு அசல் அப்படியே: ஒரு சுற்றில் எண்களின் குறி மாறும், இரண்டாம் சுற்றில்தான் பழைய எண் திரும்பும். மறுநாள் காலையில் கடையில் காட்டினேன். டீ மாஸ்டர் மூன்றாம் தடவையிலேயே பழகிவிட்டார், டம்ளர் நிறைய டீயோடு, ஒரு சொட்டு சிந்தவில்லை.