இல்லாத ஊருக்கு 500 பொன்

கல்லூரி விடுதியில் நான் ஆடிய ‘சிவிலைசேஷன் 5’ ஆட்டங்களில் பாதிக்கு மேல் பத்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. ஸ்பெயினை எடுப்பேன். ஸ்கவுட்டை நாலு பக்கமும் ஓடவிடுவேன். எல் டொராடோ பக்கத்தில் இல்லையென்றால் ஆட்டத்தை மூடிவிட்டு வேறு மேப். “நீ கேம் ஆடுறியா, லாட்டரி சுரண்டுறியா?” என்பான் அறைத்தோழன்.

காரணம் எளிது. அந்த விளையாட்டில் எல் டொராடோவை முதலில் பார்ப்பவருக்கு 500 பொன். இசபெல்லாவின் ஸ்பெயினுக்கோ எந்த இயற்கை அதிசயத்தைக் கண்டாலும் தனிப்பரிசு வேறு. அந்தத் திறனின் பெயரே ‘பொன்னாலான ஏழு நகரங்கள்’. மற்றவர்கள் முதல் கோயிலைக் கட்டி முடிப்பதற்குள் நான் அடுத்த ஊருக்கு ஆளனுப்பியிருப்பேன்.

எல் டொராடோ முதலில் ஊரே இல்லை, ஆள். இன்றைய கொலம்பியாவின் மலைநாட்டில் வாழ்ந்த முயிஸ்கா மக்களின் புதிய தலைவன், உடலெல்லாம் பொன்துகள் பூசிக்கொண்டு குவாட்டவிட்டா ஏரியில் தெப்பமேறிக் காணிக்கை இடுவான் என்று ஸ்பானியர் கேள்விப்பட்டார்கள். ‘பொன் பூசியவன்’ என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பிறகு ஆள் நகரமானான், நகரம் ராஜ்ஜியமானது. தேடிப் போய்க் கிடைக்காதபோதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனது. 1541இல் கொன்சாலோ பிசாரோ ஆயிரக்கணக்கான பூர்வகுடிச் சுமையாட்களோடு கீட்டோவிலிருந்து கிளம்பினார். கந்தலும் பட்டினியுமாகக் கொஞ்சம் ஸ்பானியர்கள் திரும்பினார்கள். சுமையாட்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. 1595இல் கயானாவுக்குப் போன வால்டர் ராலே, இருபத்திரண்டு வருடம் கழித்து மறுபடியும் பொன் தேடிப் போய் மகனை அங்கே இழந்தார். 1618இல் லண்டனில் தலையையும்.

இத்தனையையும் நடத்தியது அந்த ஊர் இல்லை என்பதுதான். இருந்திருந்தால் யாராவது கொள்ளையடித்து முடித்திருப்பார்கள், தேடலும் அத்தோடு நின்றிருக்கும். விளையாட்டு அந்த ஒன்றைத்தான் கழற்றி எறிந்துவிட்டது. எல்லா மேப்பிலும் எல் டொராடோ வராதே, அபூர்வமாகத்தானே வரும் என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் வராவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? ஸ்கவுட்டுக்குப் பசிக்காது. அவன் மூட்டையைச் சுமக்க யாரும் இல்லை.

இன்னொன்றும் இல்லை: வதந்தி. “இங்கே இல்லை, மலைக்கு அந்தப் பக்கம்” என்று கைகாட்டினால் இந்த வெள்ளைக்காரர்கள் நம் ஊரைவிட்டுக் கிளம்புவார்கள் என்பது புரிய அன்றைய பூர்வகுடி ஒருவருக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது. எல் டொராடோவைக் கட்டியதில் அவர்களுக்கும் பங்குண்டு, தற்காப்புக்காக. ‘சிவிலைசேஷ’னிலோ, சிதிலங்களில் கிடைக்கிற பழைய வரைபடம் ஒருநாளும் பொய் சொல்வதில்லை. நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இது எனக்கு உறுத்துகிறது. பொய் சொல்லும் வரைபடத்தை எழுதுவது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. ஆடுபவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம்தான்.

அதே அதிசயப் பட்டியலில் 2012இன் விரிவாக்கத்தில் சேர்ந்த ஸ்ரீபாதவும் இருக்கிறது. நம் ஆட்கள் சிவனொளிபாதமலை என்பார்களே, அதுதான். புத்தர், சிவன், ஆதம் என்று ஆளுக்கொருவர் சுவடு காணும் நிஜ மலை. விளையாட்டில் அதற்கு உணவு 2, நம்பிக்கை 4. இல்லாத ஊரும் இருக்கிற மலையும் ஒரே வரிசையில், ஒரே அச்சில். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ ஓரளவு கிட்டே வருகிறது. 2015இல் வந்த அதன் ‘எல் டொராடோ’ விரிவாக்கத்தில், ஒரு கான்கிஸ்டடாரை ஏழு நகரங்களைத் தேட அனுப்பலாம். அனுப்பிய பிறகு அவர் நம் பேச்சைக் கேட்பதில்லை, தெரியாத நிலத்துக்குள் தன்போக்கில் அலைகிறார். போன மாதம் அப்படி ஒருவரை அனுப்பினேன். படை மாதாமாதம் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஆளையே காணோம்.

ஆட்டோசேவ் இருந்தது. மறுபடி அனுப்பினேன்.