வராத சாட்சி

'கோர்ட்' என்று ஒரு மராத்திப் படம். 2014-ல் வந்தது. இயக்குநர் சைதன்ய தம்ஹானேவுக்கு அது முதல் முழுநீளப் படம். வெனிஸ் விழாவில் பரிசு, சிறந்த படத்துக்கான தேசிய விருது, 2015-ல் இந்தியாவின் சார்பாக ஆஸ்கர் போட்டிக்குப் போனது என்று ஏகப்பட்ட பெருமைகள். அதையெல்லாம் மறந்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். கேமரா அசையவே அசையாது. கோர்ட்டில் நாமே பெஞ்சில் உட்கார்ந்து வாய்தாவுக்குக் காத்திருப்பது மாதிரி இருக்கும்.

கதை இதுதான். மும்பையில் ஒரு பாதாளச் சாக்கடைத் தொழிலாளி மேன்ஹோலுக்குள் பிணமாகக் கிடைக்கிறார். போலீஸ் யாரைப் பிடிக்கிறது தெரியுமா? ஒரு வயதான தலித் பாடகரை! அவர் மேடையில் பாடிய பாட்டைக் கேட்டுத்தான் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டாராம். பாட்டு தூண்டியது, ஆள் இறங்கினார், செத்தார். கேஸ் முடிந்தது.

சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் இறந்தவரின் மனைவி சாட்சி சொல்ல வருகிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர், நிஜ வாழ்க்கையிலும் ஒரு சாக்கடைத் தொழிலாளியின் மனைவியாக இருந்து கணவரை இழந்தவர். அழவில்லை, குரல் உயர்த்தவில்லை. ரேஷன் கடை விவரம் சொல்வதுபோலச் சொல்கிறார். குழிக்குள் இறங்கும் முன் அவர் ஒரு கல்லைப் போடுவாராம். கரப்பான்பூச்சி வெளியே வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று அர்த்தம், இறங்கலாம். வரவில்லையென்றால் இறங்கக் கூடாது.

ஒரு மாநகரத்தின் காஸ் மீட்டர், கரப்பான்பூச்சி!

இதில் கொடுமை, அந்த மீட்டரும் சரியில்லை என்பதுதான். சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் நம் மூக்கு மரத்துப்போகும். 'அப்பாடா, நாற்றம் போச்சு' என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். கரப்பானுக்கு இதெல்லாம் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. கையடக்கக் கருவிக்குத் தெரியும். அதன் விலை, அதிகாரியின் அறையில் மாட்டியிருக்கும் ஏ.சி.யை விட ரொம்ப அதிகமில்லை.

இந்தப் படத்தைப் புகழ்ந்து நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விசாரணை அதிகாரி வருகிறார். பல கேஸ்களில் ஒரே ஆள் சொல்லும் ரெடிமேட் சாட்சி வருகிறார். மனைவி வருகிறார். அரசு வக்கீல் வீட்டுக்குப் போய்ச் சமைப்பதுகூட வருகிறது. சாக்கடை இலாகாவிலிருந்து மட்டும் ஒருவரும் வந்து பதில் சொல்வதில்லை. முதல் தடவை பார்த்தபோது இது திரைக்கதையில் ஓட்டை என்று நினைத்தேன். இரண்டாம் தடவை புரிந்தது. நிஜத்திலும் அவர்கள் வருவதில்லை. பேப்பரைப் பாருங்கள்: 'விஷவாயு தாக்கி இருவர் பலி.' வாயு என்ன, அரிவாளோடு தெருமுனையில் காத்திருந்ததா? வாக்கியத்தில் இலாகாவே கிடையாது.

இருந்தாலும் குறை தீரவில்லை. படம் முடிந்ததும் நாம் கோர்ட்டைத் திட்டிக்கொண்டு எழுந்து போகிறோம். பைப்பை மறந்துவிடுகிறோம். அதனால் படத்தில் இல்லாத ஒரு காட்சியை நானே எழுதிப் பார்த்தேன். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயரைக் கூண்டில் ஏற்றி வக்கீல் ஐந்து கேள்வி கேட்கிறார்.

ஒன்று: இந்தக் குழாய் எந்த வருஷம் போட்டது, எவ்வளவு விட்டம், எந்தப் பக்கம் சரிவு? மேப் உங்களிடம் இருக்கிறதா, அல்லது ரிட்டயர் ஆன மேஸ்திரியின் தலையில் இருக்கிறதா?

இரண்டு: போன வருஷம் இதே இடத்தில் எத்தனை தடவை அடைத்தது? சாக்கடை சும்மா அடைக்காது. குழாய் தொய்ந்திருக்கும், வேர் நுழைந்திருக்கும், ஓட்டல் எண்ணெய் உறைந்திருக்கும், மழைநீரோடு மண் இறங்கியிருக்கும். தண்ணீர் நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு தங்காது. இங்கே ஓடுகிறதா?

மூன்று: புகார் வருவதற்கு முன்பே கழுவ அட்டவணை உண்டா?

நான்கு: இறங்குமுன் முன்னும் பின்னுமுள்ள மூடிகளைத் திறந்தது யார், மீட்டர் விட்டுப் பார்த்தது யார், இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்?

ஐந்து: கான்ட்ராக்டருக்கு எதை வைத்து பில் பாஸ் செய்தீர்கள்? அடைப்பு எடுத்ததற்கா, மெஷின் வைத்து எடுத்ததற்கா?

ஆறாவது கேள்வி, இறங்குகிறவர்கள் ஏன் எப்போதும் அதே சாதிக்காரர்கள் என்பது. அதற்கான பதில் கோர்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அது நிர்வாகம். இல்லையென்றால், மூங்கில் குச்சியோடு ஓர் ஆளை அனுப்பிவிட்டு 'புகார் தீர்ந்தது' என்று ரிஜிஸ்டரில் டிக் அடிக்கும் ஆபீஸ். தீர்த்த புகார்களை எண்ணுகிற இலாகா, மறுபடி மறுபடி அடைப்பதைக் குறையாகவே நினைக்காது. எண்ண வேண்டியது, வராமல் போன அடைப்புகளை.

'சந்துக்குள் லாரி போகாது சார்' என்பார்கள். ஹைதராபாத்தில் 2017-லேயே குறுகிய தெருக்களுக்கென்று 70 சின்ன ஜெட்டிங் வண்டிகள் விட்டார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் குழிக்குள் ரோபோ இறங்கியது. லாரி சாக்கு அப்போதே காலாவதி.

சட்டம்? இருக்கிறது. தகுந்த பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், முதல் தடவைக்கே இரண்டு வருஷம்வரை ஜெயில் என்கிறது 2013-ம் வருஷத்துச் சட்டம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். செத்த பிறகு கொடுக்கும் தொகை மூன்று மடங்காகியிருக்கிறது. இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு?

நாமும் யோக்கியர்கள் இல்லை. சென்னை நகரின் பாதாளச் சாக்கடை, 1910-ல், 1961-ல் இருக்கப்போகும் 6.6 லட்சம் பேருக்கென்று கணக்குப் போட்டு வடிவமைத்தது. பிறகு பலதடவை விரிவாக்கினார்கள். ஆனால் அந்தக் கணக்கில் நாப்கினும் டயாப்பரும் பொரித்த எண்ணெயும் கிடையாது. அவற்றை உள்ளே தள்ளுவது நாம்தான்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் பொங்கி வழிந்தது. நானும் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்பது இன்னும் காதில் இருக்கிறது: "சார், உடனே ஓர் ஆளை அனுப்புங்க." ஆள் வந்தார். பனியனைக் கழற்றி மடித்து, எங்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்தார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். நாற்றம் தாங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது, பத்து நாளில் மறுபடி வழிந்தது. அவர் பெயரை நான் கேட்கவில்லை.

'கோர்ட்' படத்தில் வராத சாட்சிகளில் நானும் ஒருவன். அடுத்த தடவை உங்கள் தெருவில் அடைத்தால் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். "ஆள் வேண்டாம், மெஷின் அனுப்புங்க." முடிந்தால் இன்னொன்றும் கேளுங்கள். "ஏன் சார் இதே இடத்துல திரும்பத் திரும்ப அடைக்குது?"

பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.